ஃபுட்பால்ல அர்ஜென்டினாவுக்கு பிரேசில விட உருகுவேதான் பழைய எதிரின்னு சொல்றாங்களே, ஏன்?

உண்மைதாங்க. பிரேசில் மேட்ச்க்குத்தான் டிவில கூட்டம், ஆனா அர்ஜென்டினா உருகுவே சண்டை 1900கள்ல ஆரம்பிச்சது, உலகத்துலயே அதிக தடவ மோதின நேஷனல் டீம்கள் இவங்கதான். நடுவுல ரியோ டி லா பிளாட்டா ஆறு மட்டும்தான், அந்தக் கரைல அர்ஜென்டினா தலைநகர் பியூனஸ் அயர்ஸ், இந்தக் கரைல உருகுவே தலைநகர் மான்டிவிடியோ.

1928 ஒலிம்பிக் ஃபைனல்ல உருகுவே ஜெயிச்சாங்க, அந்தக் கடுப்பு ஆறாம 1930ல முதல் வேர்ல்ட் கப் ஃபைனல்லயும் இதே ரெண்டு டீம், அதுவும் மான்டிவிடியோலயே. எந்தப் பந்துல ஆடுறதுன்னே தகராறு, கடைசில முதல் பாதி அர்ஜென்டினா கொண்டுவந்த பந்து, ரெண்டாவது பாதி உருகுவே பந்துன்னு முடிவாச்சு. முதல் பாதில அர்ஜென்டினா 2-1 லீட், தன்னோட பந்து வந்ததும் உருகுவே மூணு கோல் போட்டு 4-2ன்னு முடிச்சாங்க. கடைசி கோல் ஹெக்டர் காஸ்ட்ரோ போட்டது, சின்ன வயசுல ரம்பத்துல ஒரு கைய இழந்தவர் அவர், அந்த மனுஷன நினைச்சா இன்னைக்கும் எனக்கு சிலிர்க்கும். மான்டிவிடியோல கொண்டாட்டம், அங்க பியூனஸ் அயர்ஸ்ல உருகுவே துணைத் தூதரகத்து மேல கல்லெறிஞ்சாங்க!

இப்பவும் விட்டுக்கொடுக்கல. தென் அமெரிக்க நாடுகளுக்கான கப்பான கோபா அமெரிக்கால, 2011ல அர்ஜென்டினாவ அவங்க ஊர்லயே பெனால்டில வெளியேத்திட்டு உருகுவே 15வது கப்ப தூக்கினாங்க, அர்ஜென்டினா அத தாண்டி 16 ஆக்க 2024 வரைக்கும் ஆச்சு. நடுவுல 2023ல, உலக சாம்பியனா இருந்த மெஸ்ஸி டீம பியூனஸ் அயர்ஸ்லயே 2-0ன்னு அடிச்சதும் உருகுவேதான்.