ஆடு மிரண்டால் கறியில் தெரியுமா?

‘அறுக்கப்போகும் ஆட்டை இதமாக நடத்தினால் கறியில் வேறுபாடு இருக்குமா, இல்லை, அது மனத்திருப்திக்குச் சொல்வதா?’ என்பது கேள்வி. வேறுபாடு இருக்கும். சென்னைப் புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டி எனப்படும் இறைச்சிக்கூடத்துக்கு அருகே என் தந்தையார் நடத்திய கறிக்கடையில் வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆட்டின் தசையில் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிப்பு இருக்கிறது. அறுத்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறுவதால், ஏறத்தாழ 7 ஆக இருந்த பிஎச் அளவு 5.5க்கு அருகே இறங்குகிறது; இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். கறி நல்ல நிறத்தோடு இருப்பதும் விரைவில் கெடாமல் நிற்பதும் இந்த இறக்கத்தினால்தான். லாரியில் நெருக்கியடித்து, பட்டினியாக வந்து, காதையும் பின்னங்காலையும் பிடித்து இழுத்து இறக்கப்பட்ட ஆடு அந்தச் சேமிப்பை முன்பே செலவழித்திருக்கும். அதன் கறி கறுத்து, விரலில் பிசுபிசுவென ஒட்டும்.

ஞாயிறு வியாபாரத்தை விடக் கூடாதென்ற அவசரத்தில், ஆந்திரப் பக்கமிருந்து வந்த ஆடுகளை இறங்கிய கையோடு நாங்களே ஒருமுறை அறுக்கக் கொடுத்தோம். பகல் 11 மணிக்கே ஒருவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பழைய கறி இல்லையென்று அப்பா சத்தியம் செய்தது உண்மை. நிறத்தைப் பார்த்து அவர் நம்ப மறுத்ததும் நியாயம்.

கத்தி விழும் நேரம் மிகக் குறைவு. கூரிய கத்தியால் ஒரே வீச்சில் கழுத்தின் இருபுறத் தமனிகளையும் அறுத்தால், செம்மறியின் மூளைக்குப் பெரும்பாலும் அவை வழியாகவே இரத்தம் செல்வதால், சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். எங்களுக்கு ஆடு அறுத்துத்தந்த பாய் ஆட்டின் முன்னால் கத்தியைத் தீட்டவே மாட்டார். அது அவருடைய மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த இறைச்சிக்கூட விதிகளும், ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கக் கூடாது என்றும், சினையாட்டையும் மூன்று மாதம் நிரம்பாத குட்டியையும் தொடக் கூடாது என்றும் சொல்கின்றன.

துன்பத்தின் பெரும்பகுதி அதற்கு முந்தைய மணிநேரங்களில்தான். ஆட்டை இழுக்கவே வேண்டியதில்லை: அதன் தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்றால் தானாக முன்னே நடக்கும், எதிரே போய் நின்றால் நின்றுவிடும், பழகிய கிடா ஒன்று முன்னே சென்றால் மற்றவை தொடரும். ஈரத்தரையின் பளபளப்பைக் கண்டு தயங்கும் ஆட்டை அடிப்பதைவிட, தரையில் வைக்கோலைப் பரப்புவது எளிது.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்களுக்கு ஆடுகள் வெள்ளிக்கிழமையே இறங்கின. தண்ணீரும் தழையும் நிழலும் கொடுத்து ஒரு நாள் கட்டிவைத்தோம். கூடுதல் தீனிச் செலவை அப்பா கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்.