திருக்குடும்ப அச்சோவியங்கள்: வாசகர் கேள்விகள்

கே: இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் தச்சுப்பட்டறையைக் காட்டும் பரோக் காலச் (17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய) செப்புத்தகட்டு அச்சோவியங்களில் ரம்பம், ஆணி, கூடை என்று எல்லாவற்றுக்கும் பொருள் சொல்கிறார்களே, எதை நம்புவது?

ப: பட்டறை என்றால் ரம்பம் இருக்கத்தான் செய்யும். முதலில் படத்தின் அடியிலுள்ள லத்தீன் வரிகளைப் பாருங்கள். ஆண்ட்வெர்ப் நகரின் ஹியரோனிமஸ் வீரிக்ஸ் (1553–1619) இயேசுவின் பிள்ளைப் பருவத்தைத் தொடராகவே செதுக்கினார். பாலன் தச்சு வேலைக்குக் கைகொடுப்பார், வானதூதரும் கூடவே வேலை செய்வார்கள். இத்தகைய படங்கள் செபத்துக்கும் தியானத்துக்கும் உரியவை. எதைத் தியானிக்க வேண்டும் என்பதை அந்த வரிகளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

அடுத்து, யார் எதைப் பார்க்கிறார்கள்? பாலன் இரு கட்டைகளைக் குறுக்காகப் பிடித்திருக்க, மரியா தையலை நிறுத்திவிட்டு அதையே நோக்கினால் அது சிலுவை. அதே கட்டைகள் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தால் வெறும் மரம்தான். திராட்சைக் குலை நற்கருணையையும், பாலன் கையிலுள்ள ஆப்பிள் ஆதாமின் பாவம் தீர்வதையும் குறிப்பது வழக்கம். உறங்கும் பாலனின் மேல் மரியா வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்திருந்தால் கல்லறைத் துணியை நினைக்கலாம். பறவை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். இயேசுவின் சிலுவைப் பாடுகளைக் குறிக்கும் கோல்ட்ஃபிஞ்ச் குருவிக்கு முகத்தில் சிவப்பு உண்டு. கறுப்பு வெள்ளை அச்சில் அது தெரியாது. கண்ட குருவியையெல்லாம் அந்தக் குருவி என்று சொல்லிவிடக் கூடாது.

கே: என்னிடமுள்ள படத்தில் பாலன் இயேசு இடக்கையால் ஆசி வழங்குகிறார். இதற்கு மறைபொருள் உண்டா?

ப: அநேகமாக இல்லை. தகட்டில் செதுக்கியது தாளில் இடம் வலமாக மாறி விழும். ஓவியத்தை அப்படியே பார்த்துச் செதுக்கினால் வலக்கை இடக்கையாகிவிடும். கவனமுள்ளவர்கள் வரைபடத்தைக் கவிழ்த்துத் தகட்டில் பதித்துக்கொண்டு செதுக்குவார்கள். மரியாவின் ஊசியும் சூசையப்பரின் கோடரியும் இடக்கையிலேயே இருந்தால் சந்தேகமே வேண்டாம். எழுத்துகள் நேராக இருக்கின்றனவே என்று வாதிட வேண்டாம்; அவற்றைத் தகட்டில் தனியே இடம் வலமாகத் திருப்பிச் செதுக்குவார்கள். இன்னொரு அச்சைப் பார்த்துப் படி எடுக்கும்போது படம் மறுபடி திரும்பும். ஆகவே நேராக இருக்கும் படம்தான் மூலம் என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் 'பின்க்சிட்' என்றிருந்தால் அந்தப் பெயர் ஓவியருடையது, 'ஸ்கல்ப்சிட்' என்றால் செதுக்கியவருடையது, 'எக்ஸ்கூடிட்' என்றால் வெளியிட்டவருடையது. ஓவியர் பெயர் கிடைத்தால் மூல ஓவியத்தைத் தேடி ஒப்பிடுங்கள்.

கே: ரெம்பிராண்டின் படத்தில் மாதாவின் அருகே பூனை ஏன்?

ப: 1654-இல் அமில அரிப்பு முறையில் செய்த சிறு படம் அது. அதில் பாம்பும் உண்டு; அதற்கு விளக்கம் எளிது: மரியா அதை மிதிக்கிறார், விவிலியத்தின் தொடக்க நூல் 3:15. தலைக்குப் பின்னாலுள்ள சன்னல் ஒளிவட்டமாக அமைகிறது. சூசையப்பர் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். பூனையைச் சாத்தான் என்பவர்கள் உண்டு. இத்தாலிய ஓவியர் பரோச்சியின் ஓவியத்தைப் பார்த்து கொர்னேலிஸ் கோர்ட் 1577-இல் செதுக்கிய படத்தில், பூனைக்கு எட்டாதபடி சிறுவன் திருமுழுக்கு யோவான் குருவியை உயர்த்திப் பிடிக்கிறார். அங்கே பூனைக்கு ஒரு வேலை இருக்கிறது. ரெம்பிராண்டின் படத்தில் குருவி இல்லை. தீமைக்குப் பாம்பே போதும். பூனையை வீட்டுப் பூனையாகவே விட்டுவிடலாம் என்பது நம் கருத்து.

கே: சூசையப்பர் கையில் லீலி மலர் எதற்கு?

ப: மரியாவை மணக்க வந்தவர்களில் அவருடைய கோல் மட்டும் பூத்தது என்ற பழைய மரபுக் கதை; கூடவே தூய்மையின் அடையாளம். நற்செய்தி நூல்களில் இது இல்லை.