வாசகர் கேள்வி-பதில்: வகுப்பறையும் ஊழியக் களமும்

கேள்வி: எங்கள் மகன் ஒரு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் சேர விரும்புகிறான். அங்கே மாணவர்களை வாரந்தோறும் தெருப்பிரசங்கத்துக்கும் மருத்துவமனைக்கும் சிறைச்சாலைக்கும் அனுப்புகிறார்களாம். வேதத்தையும் கிரேக்கத்தையும் படிக்க வேண்டிய காலத்தை இப்படிச் செலவிடுவது சரிதானா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: தங்கள் கவலை நியாயமானது. ஆனால் இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. இதன் வேரைப் பார்க்க வேண்டுமானால், லண்டனில் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன் 1856-இல் தொடங்கிய போதகர் கல்லூரியைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

அக்கல்லூரிக்கு முதலில் கட்டடமும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. தாமஸ் மெட்ஹர்ஸ்ட் என்ற ஒரே மாணவர்தான் இருந்தார். கயிறு திரிக்கும் தொழிலாளியான அவர், ஸ்பர்ஜனுடைய பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பியவர்; தாமும் தெருவில் நின்று பிரசங்கிக்கத் தொடங்கினார். அவருடைய பிழை மலிந்த பேச்சைக் கேட்டுச் சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். தலையை வெட்டினாலொழியப் பிரசங்கிப்பதை விடமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிடவே, அவரைப் படிக்க வைப்பதுதான் வழி என்று ஸ்பர்ஜன் முடிவு செய்தார். அப்போது ஸ்பர்ஜனுக்கே வயது 21தான்.

பின்னர் வந்த மாணவர்களையும் இதே முறையில்தான் தேர்ந்தெடுத்தார்கள். சேர வந்தவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதைவிட, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாவது பிரசங்கித்திருக்கிறாரா, அந்த ஊழியத்தில் பலன் தெரிந்ததா என்பதையே முக்கியமாக விசாரித்தார்கள். கல்லூரி ஒருவனை ஊழியனாக்கிவிடும் என்று ஸ்பர்ஜன் நம்பவில்லை; அழைப்புப் பெற்று ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருப்பவனுக்குக் கல்வியைக் கொடுக்கலாம் என்பதே அவருடைய எண்ணம். கட்டணம் வாங்கவில்லை, ஏழை மாணவருக்கு உணவும் உறைவிடமும் கூடக் கிடைத்தன. தொடக்க ஆண்டுகளில் இச்செலவுக்கு, அமெரிக்காவில் விற்ற அவருடைய பிரசங்கங்களின் வருமானம் பெரிதும் உதவியது. அடிமை முறையை அவர் வெளிப்படையாகக் கண்டித்ததும் அந்நாட்டின் தென்பகுதியில் அவருடைய நூல்களை எரித்தார்கள், வருமானமும் வற்றிப்போயிற்று. அதன் பிறகு சபையாரின் வாராந்தரக் காணிக்கையே கல்லூரியைத் தாங்கியது.

மாணவர்களின் அன்றாட வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. அவர்களுக்கென்று விடுதி கட்டாமல், இருவர் மூவராகச் சபைக் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்க வைத்தார்கள். இளைஞர்கள் மட்டும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தால் வீண்பேச்சும் விளையாட்டும் பெருகும், சாதாரண மனிதர்களின் வாழ்க்கையும் அவர்களுக்கு அந்நியமாகிவிடும் என்று ஸ்பர்ஜன் கருதினார். நாளை ஒரு சபையின் குடும்பங்களைச் சந்திக்கப் போகிறவன், இன்று ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர்களுடைய கடன்களையும் கவலைகளையும் கேட்டபடி படிப்பதைவிட நல்ல ஆயத்தம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

தாங்கள் அஞ்சுவதுபோல அங்கே படிப்பைக் கைவிடவில்லை. ஜார்ஜ் ராஜர்ஸ் முதல்வராக இருந்து இறையியல் கற்பித்தார். கிரேக்கமும் எபிரேயமும் கணிதமும் கூட நடந்தன. ஆனால் அதே மாணவர்கள் தெருமுனைகளிலும் ஓய்வுநாள் பள்ளிகளிலும் லண்டனைச் சுற்றியிருந்த சிறு கூடங்களிலும் ஊழியம் செய்துவந்தார்கள். அக்கூட்டங்களில் பல பின்னாளில் சபைகளாக வளர்ந்தன. வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஸ்பர்ஜனே வந்து, குரலை எப்படிக் காப்பது, கைகளை எப்படி அசைப்பது, மனச்சோர்வு வந்தால் என்ன செய்வது என்பது வரை மனம்விட்டுப் பேசுவார். முன்னறிவிப்பின்றி ஒரு தலைப்பைக் கொடுத்து உடனே பேசச் சொல்லும் பயிற்சியும் இருந்தது. ஒரு முறை, இயேசுவைக் காண மரத்தில் ஏறிய ‘சகேயு’ என்ற தலைப்புக் கிடைத்த மாணவர் எழுந்து, “சகேயு குள்ளன், நானும் குள்ளன், சகேயு மரத்தின்மேல் மாட்டிக்கொண்டிருந்தான், நானும் அப்படித்தான், சகேயு இறங்கினான், நானும் இறங்குகிறேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். ஸ்பர்ஜன் இந்நிகழ்ச்சியை மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் 1892-இல் மறைந்தபோது ஏறத்தாழ 900 பேர் அங்கே பயிற்சி பெற்றிருந்தார்கள்.

ஆகவே மகனைத் தடுக்காதீர்கள். ஆனால் கல்லூரியாரிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மாணவன் வெளியே போகும்போது அனுபவமுள்ள ஒருவர் உடன் போகிறாரா, திரும்பி வந்தபின் அவன் செய்ததை யாராவது உட்கார்ந்து விசாரித்துத் திருத்துகிறார்களா? அது இல்லாத இடத்தில், கைப்பிரதிகளைக் கொடுத்து அனுப்புவதையே பயிற்சி என்று அழைக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: ஸ்பர்ஜன் எந்தக் கல்லூரியில் இறையியல் படித்தார்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. வாட்டர்பீச் என்ற கிராமத்தில் அவர் இளம் போதகராக இருந்த 1852-இல், ஸ்டெப்னி பாப்டிஸ்ட் கல்லூரியின் முதல்வர் ஜோசப் ஆங்கஸைக் கேம்பிரிட்ஜில், பதிப்பாளர் மாக்மில்லன் வீட்டில் சந்திப்பதாக ஏற்பாடாயிற்று. அவ்வீட்டுப் பணிப்பெண் இருவரையும் வெவ்வேறு அறைகளில் உட்கார வைத்துவிட்டு, சொல்ல மறந்துவிட்டாள். நெடுநேரம் காத்திருந்த முதல்வர் லண்டனுக்கு ரயில் ஏறிவிட்டார். இதைத் தேவனுடைய வழிநடத்துதலாகவே ஸ்பர்ஜன் ஏற்றுக்கொண்டார். இந்நிகழ்ச்சியைக் காட்டி, ஊழியத்துக்குப் படிப்புத் தேவையில்லை என்று வாதிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. நான்கே ஆண்டுகளில் அவரே ஒரு கல்லூரியைத் தொடங்கி, கடைசிவரை அதைத் தம் உழைப்பில் முதன்மையானதாகக் கருதினார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் போதகர் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர், அவருடைய பி.டி. என்ற இறையியல் பட்டமோ செராம்பூருடையது. செராம்பூர் பாப்டிஸ்ட் கல்லூரி அல்லவா?
– வாசகர், தரங்கம்பாடி

பதில்: தொடங்கியவர்கள் பாப்டிஸ்ட் மிஷனெரிகள்தாம்: வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனெரிகளை விரும்பாததால், 1800-இல் அவர்கள் வங்காளத்தில் டேனிஷ் ஆட்சியிலிருந்த செராம்பூரில் குடியேறினார்கள். உங்கள் தரங்கம்பாடியை ஆண்ட அதே டென்மார்க் அரசுதான் அவர்களுக்கும் அடைக்கலம் தந்தது. 1818-இல் அவர்கள் தொடங்கிய கல்லூரி, சாதி சமய வேறுபாடின்றி மாணவர்களைச் சேர்த்தது. இந்தியர்களுக்கு நற்செய்தியை இந்தியர்களே அறிவிக்க வேண்டும், அதற்கு அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது கேரியின் தீராத ஆவல். பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827-இல் சாசனமாக அளித்தார். இரண்டு ஊர்களும் 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பின்னரும் அவ்வுரிமை நிலைத்தது. இன்று அப்பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட் என்ற அமைப்பு பல திருச்சபைகளுக்கும் பொதுவானது. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் அதனோடு இணைந்தவையே.

கேள்வி: இறையியல் இறுதியாண்டு படிக்கிறேன். மருத்துவமனைப் பயிற்சியில், நோயாளியோடு பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவந்து குழுவில் வாசிக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதனால் என்ன பயன்?
– ஒரு மாணவர், வேலூர்

பதில்: கூச்சம் இயல்பானது, ஆயினும் இந்தப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர், தாமே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர், 1925-இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். நூல்களைக் கற்பதுபோலவே துன்பப்படும் மனிதரையும் கற்க வேண்டும் என்றார். பிற்பாடு லூயிவில்லிலுள்ள தென் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் வெய்ன் ஓட்ஸ் போன்றோர் இத்துறையை வளர்த்தார்கள். உங்கள் ஊர்ச் சி.எம்.சி. மருத்துவமனையிலும் இத்தகைய பயிற்சி நடைபெறுகிறது.

ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்திய மாலையில் ஒருவர், “மூன்று நாளாகத் தூக்கமே இல்லை, தம்பி” என்கிறார். மாணவர் உடனே, “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்” என்று 127-ஆம் சங்கீதத்தைச் சொல்லி, ஜெபித்துவிட்டு வந்துவிடுகிறார். வசனத்தில் குறையில்லை. ஆனால் அதைத் தாளில் எழுதி வாசிக்கும்போதுதான், ஏன் தூக்கம் வரவில்லை என்று கேட்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிய வருகிறது. அந்த மனிதரின் அச்சத்தைக் கேட்கத் தமக்கே அச்சமாக இருந்ததும் அப்போதுதான் புரிகிறது. பயிற்றுநர் உதவுவது அந்த இடத்தில்தான். அடுத்த முறை எழுதும்போது நோயாளியின் பெயரையும் படுக்கை எண்ணையும் விட்டுவிடுங்கள். நீங்கள் பதில் தெரியாமல் மௌனமாக இருந்த இடங்களையும், பேச்சை அவசரமாக மாற்றிய இடங்களையும் மட்டும் அழகுபடுத்தாமல் அப்படியே எழுதிக்கொண்டு போங்கள்.