தறிப்பட்டறை வீட்டுப் பெண் என்று சொல்லத் தயங்காதே

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா போன் செய்தார். "அம்மிணி ஒரகடத்துல சேர்ந்து மூணு மாசமாச்சுங்க. யாருகூடவும் ஒட்டாம இருக்குது. வேலையை விட்டுட்டு வந்துடறேங்குது" என்றார். பின்னால் பள்ளிபாளையத்துத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் படித்தேன். கூடச் சேர்ந்த டிரெய்னிகள் எல்லாரும் சென்னை, கோவைக் கல்லூரிக் கதைகளைப் பேசுகிறார்கள், லைனில் இருக்கும் ஆபரேட்டர்கள் 'மேடம்' என்று கூப்பிட்டு ஒதுங்கிப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "அவங்ககிட்ட பேச எனக்கு என்ன சார் தெரியும்?" என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் விஷயமாக உங்கள் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பேச்சுக்கு நடுவே நீ சட்டென்று எழுந்து பட்டறைக்குள் போய்விட்டாய். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. எட்டுத் தறி ஓடும் இரைச்சலில் ஒன்று நின்றுபோனது உன் காதுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. குறுக்கே ஓடும் நாடாவில், ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்திருந்தது. புதுத் தாரை மாட்டி ஓட்டிவிட்டாய். அதோடு விடாமல் பக்கத்துத் தறியையும் நிறுத்தி, பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், அறுந்து கிடந்த ஒரே ஒரு இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு, விழுதுக் கண்ணிலும் அச்சிலும் கோத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசினாய். அந்தப் பெண்ணா எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறாள்?

உங்கள் பிளான்ட்டில் 'ஜிடோகா' என்ற சொல்லை டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கோளாறு தெரிந்த உடனே மெஷின் நிற்க வேண்டும், பழுதான சரக்கு அடுத்த ஆளுக்குப் போகக்கூடாது என்பதுதான் அதன் சாரம். அது பிறந்த இடம் தறி. சாக்கிச்சி டொயோடா என்ற ஜப்பானியர், 1867இல் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர், நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை உருவாக்கினார். 1924இல் வந்த அவருடைய ஜி டைப் தானியங்கித் தறி அவ்வளவு பேர் பெற்று, 1929இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி வாங்கியது. அவர் மகன் கீச்சிரோதான் கார் தயாரிப்பில் இறங்கினார். டொயோட்டா மோட்டார் 1937இல் தனிக் கம்பெனியானது. டொயோட்டா உற்பத்தி முறையை வடித்தெடுத்த தாய்ச்சி ஓனோவும் 1932இல் முதலில் வேலைக்குச் சேர்ந்தது டொயோடா குடும்பத்தின் நூற்பு, நெசவுக் கம்பெனியில்தான். மற்றவர்கள் ஸ்லைடில் பார்த்த பாடத்தை நீ பாவாடை சட்டை போட்ட வயதிலேயே கையால் செய்திருக்கிறாய்.

சரி, இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரிடம் எப்படிப் போவது? உன் வரிசையில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் டீ நேரத்தில் போ. மெஷின் ஓடும்போது வேண்டாம், அவர் கவனம் சிதறும். "அண்ணே, எங்க வீட்ல விசைத்தறி ஓடுது. சத்தம் மாறினாலே அப்பா கண்டுபிடிச்சிடுவார். இந்த மெஷின்ல நீங்க எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேள். உன் வீட்டை முதலில் அவர் முன் வைக்கிறாய், பிறகு அவர் கைவேலையைப் பற்றிக் கேட்கிறாய். குறை கண்டுபிடிக்க வந்த மேடம் இல்லை என்று அவருக்கு அப்போது விளங்கும். "எனக்கும் தெரியும்" என்ற தொனி மட்டும் வந்துவிடக்கூடாது.

அவர் சொன்னது ரிப்போர்ட்டுக்குப் போகும் அளவுக்கு நல்ல விஷயமாக இருந்தால், அவர் பெயரோடு எழுது. இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரு தடவை அவர் சொன்னதை உன்னுடையதாகக் காட்டிவிட்டால், அப்புறம் அந்த லைனில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எண்ணிக்கையை எட்டுவதற்காக கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரைக் கட்டிப்போட்டு ஓட்டுவதாக அவர் சொன்னால் மட்டும் மூடி மறைக்காதே. அது கை போகிற விஷயம். அவரிடமே முதலில் பேசி நிறுத்தச் சொல், உன் சூப்பர்வைசருக்கும் தெரிவித்துவிடுவேன் என்று நேராகவே சொல்லிவிட்டுத் தெரிவி.

பட்டறைக் காதுக்கு எல்லை உண்டு என்பதும் உனக்குத் தெரியும். சத்தம் மாறியிருக்கிறதே என்று சந்தேகப்பட அது உதவும். பேரிங் தேய்ந்திருக்கிறதா, டூல் மழுங்கியிருக்கிறதா என்பதை அளந்து பார்க்கும் கேஜும் லாக் புக்கும்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு மேசை பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. கல்லூரிக் கதைக்குப் பதில் கதை தேட வேண்டாம், பட்டறைக் கதையைச் சொல். அந்த மேசையிலேயே வீட்டுத் தொழிலைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் இருக்கலாம். நானும் அப்படி இருந்தவன்தான். முதல் வேலையில் என் அம்மா இட்லிக்கடை நடத்தியதை இரண்டு வருஷம் மறைத்தேன். மறைக்கிறவன் ஒவ்வொரு பேச்சிலும் உஷாராக இருக்க வேண்டியிருக்கிறது; உஷாராக இருக்கிறவனிடம் யாரும் நெருங்கி வருவதில்லை. அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு நண்பன்கூடக் கிடைக்கவில்லை.

வேலையை விடுவது பற்றி ஆறு மாதம் முடிந்ததும் பேசுவோம். திங்கட்கிழமை உனக்கு முதல் ஷிஃப்ட் என்றாய். அந்த அண்ணனிடம் கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. அப்பாவிடமும் சொல். மெஷின் சத்தத்தைப் பற்றிய பேச்சு என்றால் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.