அண்ணே, இதை வாங்கலாமா?

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கைப்பேசி, மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்தான் இந்தப் பகுதியின் பதிலாளர். புதுச் சாமான் எது வந்தாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் கல்யாணம், வேலை, கருவி மூன்றும் கலந்தே இருந்தன. அப்படியே தருகிறோம்.

கேள்வி: அண்ணே, வரும் தையில் எனக்குக் கல்யாணம். பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அம்மா இன்னும் தோட்டத்து வேலைக்குப் போகிறார். கல்யாணத்துக்கு முன்பே பெரிய டிவியும் ஒரு கேமிங் கணினியும் தவணையில் எடுத்துவிடு, அப்புறம் வாங்க முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணோ வாஷிங் மெஷின் போதும் என்கிறார். நீங்களும் என்னைப் போன்ற ஆள்தானே, என்ன செய்யலாம்?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, வாஷிங் மெஷினை வாங்குங்கள். எனக்கும் புதுச் சாமான் என்றால் உயிர்தான், நல்ல திரை ஒன்றைப் பார்த்தால் கடையை விட்டு நகர மனசு வராது. ஆனால் ஒரு வீட்டுக்குள் முதலில் எது வரவேண்டும் என்று கேட்டால் நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த வீட்டில் ராத்திரி கடைசியாகப் படுக்கிறவர் யார், அவருடைய வேலை இதனால் குறையுமா? செம்பனைக் காட்டுச் சேறும் பழ எண்ணெயும் ஊறிய சட்டையைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து கசக்கியவருக்குத்தான் அந்த மெஷினின் அருமை தெரியும். உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

எந்த மெஷின் என்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். உங்களுடையது தோட்டத்து வீடா, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடா என்று எழுதவில்லை. தண்ணீர் மெதுவாக வருகிற வீட்டில் முழுத் தானியங்கி மெஷினை வைத்தால் அது நிரம்பும்வரை காத்துக்கிடக்கும், சில மாடல்கள் திரையில் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றே போகும், வாங்கினவர் மெஷின் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். பழுது மெஷினில் இல்லை, குழாயில் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் ஒரு பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் இரட்டைத் தொட்டி மெஷினே மேல், வாளியில் மொண்டு ஊற்றிக்கூட துவைக்கலாம், விலையும் குறைவு, மோட்டாரும் பெல்ட்டும் போனால் நம் ஊரிலேயே மாற்றிவிடுவார்கள்.

டிவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தவணைதான் வேண்டாம். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 2025 பிப்ரவரியிலிருந்துதான் 1,700 வெள்ளி ஆனது, அதற்குள் ஒரு வீடு மாதாமாதம் மூன்று நான்கு தவணையைச் சுமந்தால் மூச்சு விட முடியாது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது நம் தாத்தா பாட்டிமார் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டினார்கள். ஒரு டிவிக்கு நம்மால் சேர்க்க முடியாதா?

இன்னொன்றும் செய்யுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் நீங்களும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொரு சிசிரிஸ் அறிக்கையை, அதாவது பேங்க் நெகாரா (மத்திய வங்கி) வைத்திருக்கும் நம் கடன் விவர அறிக்கையை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இ-சிசிரிஸ் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். கார் கடன், வீட்டுக் கடன், கடன் அட்டை எல்லாம் அதில் வரும், கடந்த 12 மாதமும் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதும் வரும். ஜாதகம் பார்க்கிற வீட்டில் இதையும் பார்ப்பதில் என்ன தப்பு? கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து மாப்பிள்ளையின் பழைய கடன் தெரியவந்தால் அந்த வீட்டில் நடக்கிற சண்டை கடனைப் பற்றியதாக மட்டும் இருக்காது, மறைத்ததைப் பற்றியதாக இருக்கும்.

கேள்வி: கோலாலம்பூரில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்யாணமாகி ஊரில் மாமியார் வீட்டுக்கு வந்தாகவேண்டும். வேலையை விட்டுவிடு என்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும், ஆனால் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாலே "சும்மாதானே இருக்கே, இந்த வெங்காயத்தை உரிச்சுக் கொடு" என்று கூப்பிடுகிறார்கள். அண்ணே, வழி இருக்கிறதா?
— வாசகி, பேராக்

பதில்: தங்கச்சி, வேலையை விடாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித்தரச் சொல்லி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணத்தையும் சொல்லவேண்டும். கட்டாயம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதனால் விண்ணப்பத்தை மொட்டையாக எழுதாதீர்கள். வாரத்தில் எந்தெந்த நாள் வீட்டிலிருந்து, எந்த நாள் அலுவலகம் வருவேன், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பதற்கு எப்படிக் கிடைப்பேன் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். முழுவதும் வீடு என்று கேட்பதைவிட வாரத்தில் ஒரு நாள் நேரில் வருகிறேன் என்றால் தலையாட்டுகிறவர்கள் அதிகம். விரைவு பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போய்வருவது அலுப்புதான், இருந்தாலும் ஆரம்பத்தில் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாமான் விஷயம் எளிது. மாமியார் வீட்டுக்கு ஃபைபர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள், வந்திருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் சிம் போடுகிற ஒரு மோடம், ஆனால் வாங்குவதற்கு முன் நண்பர்களிடம் வேறு வேறு நிறுவனத்து சிம்மை இரவல் வாங்கி, நீங்கள் உட்காரப்போகிற அறையிலேயே, மத்தியானத்திலும் ராத்திரியிலும் வேகத்தைப் பாருங்கள். வாசலில் நாலு கோடு காட்டுவது தகரக் கூரைக்குக் கீழே உள்ளறையில் ஒன்றாகிவிடும். அப்புறம் இடி. நம் பக்கம் சாயங்காலத்தில் இடிக்கிற இடிக்கு எத்தனையோ மோடம் கருகி என் மேசைக்கு வருகிறது. ஃபைபர் கம்பி கண்ணாடி இழை, அது வழியாக மின்னல் வராது, ஆனால் மோடமின் மின்கம்பி வழியாக நன்றாக வரும். வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை அதன் பேட்டரியில் ஓட்டி, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலையை முடியுங்கள்.

கஷ்டமானது வெங்காயம். அதற்கு எந்தக் கருவியும் கிடையாது, நீங்களும் கணவரும் பேசித்தான் ஆகவேண்டும், அதிலும் பேசவேண்டியவர் அவர், அது அவருடைய அம்மா. அந்தக் காலத்துத் தோட்டத்தில் விடிகாலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றால்தான் வேலை. உடம்பு வியர்த்து நாலு பேர் கண்ணுக்குத் தெரிவதுதான் வேலை என்று வாழ்ந்த தலைமுறைக்கு, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து விசையைத் தட்டுவது வேலையாகத் தெரியாது, அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு நாள் மாமியாரை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தப் பக்கம் வந்த ரசீது, இந்தப் பக்கம் போகிற சம்பளம், இதில் ஒரு எண் தப்பினால் இத்தனை பேருக்குச் சம்பளம் தாமதமாகும் என்று காட்டுங்கள் (கம்பெனி ரகசியம் எதையும் காட்டாமல்தான்). கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வேலை என்று சொன்னால் உடனே புரியும். தோட்டத்தில் கிராணியை யாரும் வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டதில்லை.

முதல் மாதத்துச் சம்பளம் வந்ததும் சேமநிதி செயலியைத் திறந்து கணவரிடம் காட்டுங்கள். உங்கள் பங்கு 11 விழுக்காடு, 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி போடுவது 13 விழுக்காடு. வேலையை விட்டால் சம்பளத்தோடு இதுவும் நின்றுபோகும் என்பதை வீட்டில் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: கோயிலில் தாலி கட்டி, வீடியோவும் எடுத்தாகிவிட்டது. பதிவு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாப்பிள்ளை. வீடியோ ஆதாரம் ஆகாதா?
— வாசகியின் அக்கா, கோல கங்சார்

பதில்: ஆகாது அம்மா. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது, அதன்படி திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். எத்தனை கேமராவில் எடுத்த வீடியோவும் அந்தப் பத்திரத்துக்கு ஈடாகாது. முதலில் தேசியப் பதிவிலாகாவில் மனுக் கொடுத்து 21 நாள் காத்திருக்கவேண்டும், அப்புறம்தான் பதிவு. துணைப் பதிவாளர் இருக்கிற கோயில் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையை இந்த வாரமே அழைத்துப் போங்கள். "அப்புறம்" என்ற சொல்லை இதில் ஏற்காதீர்கள்.

கேள்வி: கணவனும் மனைவியும் கைப்பேசிக் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமா?
— வாசகர், ஈப்போ

பதில்: திறக்கத் தெரிந்திருக்கவேண்டும், திறந்து துழாவக்கூடாது. இரண்டும் வேறு வேறு. சந்தேகம் வந்தால் நேரே கேளுங்கள். ஒருவர் குளிக்கப்போன நேரத்தில் மற்றவர் புலனத்தை (வாட்ஸ்அப்) நோண்டுகிற வீட்டில் நிம்மதி இருக்காது, கணவரையோ மனைவியையோ வேவு பார்க்கும் செயலியைப் போட்டுக் கொடுக்கச் சொல்லி என் கடைக்கு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

ஆனால் ஆபத்து அவசரத்துக்கு வழி இருக்கத்தான் வேண்டும். கணவர் திடீரென்று இறந்துபோய், பூட்டிய கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடி வருகிற பெண்களுக்கு என்னால் பெரும்பாலும் உதவ முடிவதில்லை. புதுக் கைப்பேசிகளின் பூட்டு அப்படி. படங்கள், வங்கி, காப்புறுதி விவரம் எல்லாம் உள்ளே கிடக்கும். ஐபோனில் லெகசி காண்டாக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, கூகுளிலும் கணக்கு நீண்ட நாள் அசையாமல் கிடந்தால் யாருக்குத் தகவல் போகவேண்டும் என்று குறித்துவைக்கலாம். இன்றைக்கே செய்யுங்கள். கையோடு சேமநிதியில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதியதை அப்படியே விட்டவர்கள் ஏராளம்.

கேள்வி: வரன் தேடும் செயலியில் ஒருவர் அறிமுகமானார். கப்பலில் இஞ்சினியர் என்கிறார். எனக்கு அனுப்பிய பரிசு சுங்கத்தில் மாட்டியிருக்கிறதாம், 3,000 வெள்ளி கட்டச் சொல்கிறார்.
— பெயர் வேண்டாம்

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே 997-ஐக் கூப்பிடுங்கள், மோசடிப் புகாருக்கான தேசிய மையத்தின் எண் அது. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், பிறகு போலீஸ் புகார். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள் தங்கச்சி, படித்தவர்களும் மாட்டுகிறார்கள், தப்பு செய்தவன் அவன்.

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது, செம்பனைக் குலை வெட்டுகிறார். தோள்பட்டை வலி. கேன்டாஸ் மெஷின் வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நல்ல பிள்ளை நீங்கள். கேன்டாஸ் நம் நாட்டு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் உருவாக்கியது, நீளக் கழியின் ஒரு முனையில் சின்ன இஞ்சின், மறு முனையில் அதிர்ந்து வெட்டும் அரிவாளோ உளியோ இருக்கும். இழுத்து இழுத்து வெட்டும் வேலை குறையும், ஆனால் கனமும் அதிர்வும் கைக்கு வரும், அதனால் தோள் வலிக்கு அது மருந்தா என்பதை அப்பாவை ஒரு நாள் வேறொருவரின் மெஷினில் வெட்டவைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். மிக உயரமான கிழட்டு மரங்களுக்கு அது எட்டாது, அவர் வெட்டுகிற பகுதியில் மரங்கள் எந்த உயரம் என்று கேளுங்கள். தோட்டமே மெஷின் கொடுக்குமா, பெட்ரோலும் பழுதும் யார் செலவு என்பதையும் மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது பெரிய வித்தியாசம்.

அதற்கு முன்னால் நல்ல தலைக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். அண்ணாந்து வெட்டும்போது தூசும் முள்ளும் நேரே கண்ணில்தான் விழும். அலுமினியக் கழியானால் மின்கம்பி போகிற வரிசையில் அதைத் தூக்கவே கூடாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் நீங்களும் சொல்லுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் தமிழில் எழுத எது நல்லது? கல்யாணப் பத்திரிகை வாசகத்தை நானே அடிக்கவேண்டும்.
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: செல்லினம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. 1985-இல் கணினிக்கு முரசு அஞ்சல், 2005-இல் கைப்பேசிக்குச் செல்லினம் என்று தமிழை நம் விரலுக்குக் கொண்டுவந்தவர். ஆப்பிள் கருவிகளில் வருகிற இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அச்சகத்துக்கு வாசகத்தை யூனிகோடிலேயே அனுப்புங்கள், படமாக அனுப்பாதீர்கள். படத்தைப் பார்த்து அவர்கள் திரும்ப அடிக்கும்போதுதான் மணமகன் பெயரில் கொம்பு தொலைகிறது.

கேள்வி: மகள் கல்யாணச் சீருக்குக் கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் கொண்டுவரலாமா? இங்கே ஓடுமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஓடும் அம்மா. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இங்கேயும் அதுதான். பிளக் மட்டும் வேறு, அங்கே உருண்டைக் கால், இங்கே சதுரக் கால் மூன்று. அடாப்டரில் செருகி ஓட்டாதீர்கள், ஈரக் கையோடு புழங்குகிற சாமான், தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம் ஊர் பிளக்காகவே மாற்றுங்கள். உள்ளே ஃபியூஸ் 13 ஆம்பியர் போட்டுவிடுவார்கள், மேசையில் வைக்கிற சின்ன கிரைண்டருக்கு 3 ஆம்பியர் போதும், அதைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். எர்த் கம்பி இணைத்திருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள்.

கல்லின் கனத்துக்கு விமானத்தில் எடைக்கட்டணம் விழும், உத்தரவாதமும் இங்கே செல்லாது. அதே வகை கிரைண்டர் ஈப்போ லிட்டில் இந்தியா கடைகளிலும் விற்கிறார்கள், இரண்டு விலையையும் எடைக்கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் கூடவே ஒரு பெல்ட் எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் தேய்வது அதுதான்.