மாத்தூர் பாலத்தில் புதையல் டப்பா

கேள்வி: ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டாம், என் மகன் ஜியோகேச்சிங் என்று கைபேசியோடு அலைகிறான். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒரு டப்பாவை ஒளித்து வைக்கப் போகிறானாம். விடலாமா?
– ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: விளையாட விடுங்கள், பாலத்தில் மட்டும் வேண்டாம். பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் தண்ணீர் கொண்டுபோகும் பாலம் அது. அங்கே கேட்பாரற்று ஒரு டப்பா கிடந்தால் போலீஸ்தான் முதலில் கண்டுபிடிக்கும். சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலையும் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

2000 மே மாதம், அமெரிக்கா ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைப்பதை நிறுத்தியதும், ஓரிகனில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அப்படித் தொடங்கிய விளையாட்டு இது.

நானும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு டிபன் பாக்ஸை ஒளித்தேன். மறுநாள் காலை பால் வெட்ட வந்த அண்ணன், "சாப்பாட்டுப் பாத்திரத்த மறந்துட்டு வந்துட்டியளே" என்று வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்! அதனால் டப்பாவின் மேல் விளையாட்டின் பெயரை எழுதுங்கள், இடத்துக்காரரிடம் கேளுங்கள், மண்ணைத் தோண்டாதீர்கள். மிட்டாய் போட்டால் எறும்பு வரும். நமக்கு ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கண்டுபிடித்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டை ஜிப் கவரில் போடுங்கள். மரத்தடியில் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், தேடுவோருக்கு ஒரு குறிப்பும் தேவை.

பாலம்தான் வேண்டுமென்றால், டப்பாவே இல்லாமல் நண்பர்களைத் தூண்களை எண்ணி வரச் சொல்லட்டும். விடை 28. அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.