மாத்திரையை நிறுத்தினான், பஸ் கண்ணாடியை உடைத்தான், இப்போது ஜெயிலில் இருக்கிறான்: தம்பியை எப்படி மீட்பது?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. 20 வயதில் பைபோலார் என்ற மனநோய் என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள், லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வந்தான். நான்கு வருடத்துக்கு முன் அப்பா இறந்த பிறகு குடிக்க ஆரம்பித்தான், அப்புறம் கஞ்சாவும் சேர்ந்துகொண்டது. மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடவில்லை என்பது மெத்தைக்கு அடியில் அட்டை அட்டையாகக் கிடைத்தபோதுதான் தெரிந்தது. பத்து நாளைக்கு முன் இரவு பஸ் ஸ்டாண்டில், "அப்பாவைக் கடத்திக்கிட்டுப் போறாங்க" என்று கத்தி அரசு டவுன் பஸ்ஸின் முன் கண்ணாடியைக் கல்லால் உடைத்திருக்கிறான். பிடிக்க வந்த போலீஸ்காரரைத் தள்ளியதில் அவருக்கு உதடு கிழிந்துவிட்டது. சட்டைப் பையில் 40 கிராம் கஞ்சா இருந்ததாம். இப்போது ரிமாண்டில் இருக்கிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதம் கட்டி முடித்துவிடலாம், மனநோய் என்று கோர்ட்டில் சொன்னால் எதிர்காலமே போய்விடும் என்கிறார் சித்தப்பா. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்)

பதில்: சகோதரி, வழக்கைப் பற்றிப் பேசும் முன் ஒரு வேலை. நாளைக் காலையில் தம்பியின் ஓபி சீட்டையும் கடைசியாக எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஜெயில் கண்காணிப்பாளர் பெயரில் ஒரு மனுவோடு கொடுத்து, இன்னொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "என் தம்பிக்கு இந்த நோய் இருக்கிறது, இந்த மாத்திரை நின்றுபோயிருக்கிறது, சிறை மருத்துவர் பார்த்து மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்" என்று நாலு வரி போதும். வீட்டில் கிடக்கும் அட்டையை நேரில் பார்க்கும்போது தம்பி கையில் கொடுத்துவிடாதீர்கள். லித்தியம் ரத்தப் பரிசோதனை பார்த்து அளவு வைக்கிற மருந்து, மூன்று மாதம் விட்டதை டாக்டர் சொல்லாமல் மறுபடி தொடங்கக் கூடாது. தினமும் குடித்தவரை ஒரேயடியாகக் குடியில்லாத இடத்தில் அடைத்தால் முதல் மூன்று நான்கு நாட்களில் வலிப்பு வரலாம், உளறல் வரலாம், உயிருக்கே ஆபத்தும் ஆகலாம். உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது இன்று இரவு இப்படி ஒரு கைது நடந்தால், ரிமாண்டுக்கு முன் பரிசோதிக்கும் டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சித்தப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அது தப்பு. அரசு பஸ்ஸை உடைத்தால் தமிழ்நாட்டில் பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம் 1992-ன் 3-வது பிரிவைப் போடுவார்கள். அதில் தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம் அதற்கு மேல். போலீஸ்காரருக்குக் காயம் என்பதால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (சுருக்கமாக பிஎன்எஸ், பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 121(1) வரும், அதுவும் ஐந்தாண்டு வரை. எனவே ஒப்புக்கொண்டு அபராதத்தோடு வெளியே வரலாம் என்ற கணக்கு இந்த வழக்கில் ஓடாது. அதோடு, தான் என்ன ஒப்புக்கொள்கிறோம் என்று புரியாத நிலையில் இருக்கும் ஒருவரைக் கூண்டில் நிறுத்தி "ஆமாம்" சொல்ல வைப்பது அவருக்குச் செய்கிற அநியாயம். யாரும் அவரை அந்த வார்த்தையைச் சொல்ல விடாதீர்கள்.

மனநோய் என்றதும் கோர்ட்டில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் எழும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாய்ப்பை விட்ட குடும்பங்கள் நிறைய. கல்லை எறிந்த அந்த நிமிடத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. இன்றைக்குக் கூண்டில் நின்று, தன் மேல் என்ன வழக்கு என்று புரிந்துகொண்டு வக்கீலோடு பேச முடிகிற நிலையில் இருக்கிறாரா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் பிஎன்எஸ் 22-வது பிரிவில் இருக்கிறது, பழைய ஐபிசி 84 தான் அது. மனநிலை பிறழ்ந்ததால் தான் செய்வது என்ன என்றோ, அது தவறு, சட்டத்துக்கு விரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் செய்தது குற்றமாகாது. நோய் இருக்கிறது என்ற சான்றிதழ் மட்டும் இங்கே போதாது, அந்த நேரத்தில் அந்த நிலை இருந்ததா என்றுதான் நீதிபதி பார்ப்பார். நிரூபிக்கும் பொறுப்பு நம் பக்கம் என்றாலும், அரசுத் தரப்பு போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1964-லேயே தாஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஆள் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். ஓடினாரா, ஒளிந்தாரா, கல்லை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாரா? இறந்துபோன அப்பாவை அந்தப் பஸ்ஸில் கடத்துகிறார்கள் என்று கத்தினார் என்கிறீர்களே, இந்த வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சியம் கிடையாது. அதைக் காதால் கேட்ட டீக்கடைக்காரர், கண்டக்டர், பூ விற்கிற அம்மா யாராக இருந்தாலும் பேரையும் போன் நம்பரையும் இந்த வாரமே எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் ஞாபகம் மங்கிவிடும். பஸ் ஸ்டாண்ட் கேமரா பதிவு அதற்கும் முன்பே அழிந்துவிடும், அதைப் பாதுகாத்து வைக்கக் கேட்டு உடனே ஒரு மனு போட வேண்டும்.

நோயின் பின்னணி தெரிந்தால் உடனே மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி, அந்த ஆதாரத்தைக் கோர்ட் முன் வைப்பது விசாரணை அதிகாரியின் கடமை. செய்யாமல் விட்டால் அது அரசுத் தரப்பின் ஓட்டை. 2018-ல் தேவிதாஸ் லோகா ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தண்டனையை ரத்து செய்தது. அதனால் எஃப்ஐஆர் நகலோடு, அன்றிரவு ஆஸ்பத்திரியில் போட்ட ஏஆர் காப்பியையும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிவிடுங்கள்.

அந்த ஏஆர் காப்பியில்தான் நமக்குச் சிக்கலும் இருக்கலாம். "மது வாடை இருந்தது" என்று ஒரு வரி இருந்தால், அரசு வக்கீல் மனநோயை ஒதுக்கிவிட்டுப் போதையில் செய்ததுதான் என்பார். சட்டம் இதில் கறார்: நமக்குத் தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ யாராவது ஊட்டியிருந்தால்தான் போதை ஒரு தற்காப்பு. தானே குடித்தவருக்கு அது கிடைக்காது. அதனால் நம் வாதம் போதையில் தொடங்கவே கூடாது. ஏழு வருட நோய், மூன்று மாதமாக நின்ற மாத்திரை, அதன் விளைவாக வந்த பிரமை என்ற வரிசையில்தான் வழக்கு போக வேண்டும். மெத்தைக்கு அடியில் கிடைத்த அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிரிக்காத மாத்திரையோடு அப்படியே ஒரு கவரில் போட்டு வையுங்கள். மருந்து வாங்கிய பதிவுகள் எந்த மாதத்தோடு நிற்கின்றன என்று பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-வது பிரிவுப்படி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டு, ஜெயிலில் அவர் கையெழுத்தை வாங்கி விண்ணப்பிக்கலாம். பின்னால் விசாரணையில் வைத்தியம் பார்த்த டாக்டரும் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

இன்றைய மனநிலை பற்றிய இரண்டாவது கேள்விக்கு பிஎன்எஸ்எஸ், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367, 368 பிரிவுகள். அவரால் தன் தரப்பைச் சொல்ல முடியாத நிலை என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் அதை உறுதி செய்து, வழக்கில் முகாந்திரமும் இருந்தால் விசாரணை ஒத்திவைக்கப்படும். அப்போது 369-வது பிரிவில் ஒரு நல்ல வழி இருக்கிறது: ஜாமீன் கிடைக்காத குற்றமாகவே இருந்தாலும், உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லை என்றால், தவறாமல் வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினர் உறுதி கொடுத்து அழைத்துப் போகலாம். ஆனால் இதை யோசித்துக் கேளுங்கள். ஒத்திவைத்த வழக்கு முடிந்த வழக்கு அல்ல, அவர் தேறியதும் மறுபடி தொடங்கும். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் அவர் தெளிந்துவிட்டால் நேராக வழக்கை நடத்தி 22-வது பிரிவை வாதாடுவதே நல்லது என்பது என் கருத்து.

இதற்கிடையில் சாதாரண ஜாமீன் மனுவைத் தள்ளிப் போட வேண்டாம். நோயுற்றவர் என்பதை பிஎன்எஸ்எஸ் 480-வது பிரிவே தனிக் காரணமாகச் சொல்கிறது. கண்ணாடிக்கான தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை போடுவார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். ஜாமீன் கிடைக்காமல் போய், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆகவில்லை என்றால், ஜாமீன் அவருடைய உரிமையாகிவிடும். 61-வது நாள் காலையில் மனு கையில் இருக்க வேண்டும்.

கஞ்சாவைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 40 கிராமுக்கு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-வது பிரிவில் உள்ள கடுமையான ஜாமீன் நிபந்தனை பொருந்தாது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பலருக்குத் தெரிவதில்லை: போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குப் போனால், சிறிய அளவுக்கான வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். பஸ் கண்ணாடிக்கு இது உதவாது, ஆனால் திருந்த முயல்கிறார் என்பதை ஜாமீன் மனுவிலும் எடுத்துச் சொல்லலாம். பதிவில்லாத தனியார் மறுவாழ்வு மையத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். அப்படி ஒரு இடத்திலிருந்து முதுகில் தழும்போடு வந்த பையனை என் அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

வக்கீல் பணம் பற்றி: காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெறும் உரிமையைச் சட்டமே தருகிறது, வருமானக் கணக்கு தேவையில்லை. 15100-க்கு போன் செய்யுங்கள், அல்லது மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எஃப்ஐஆர் நகலோடு போங்கள். "மனநோய் பின்னணி உள்ள வழக்கு, 22-வது பிரிவு எடுக்க வேண்டும்" என்று அங்கே முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்கே தூக்கம் போயிருக்கும். 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ரிமாண்ட் நீட்டிப்புக்கு அவரைக் கொண்டுவரும் நாளில் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு கோர்ட்டுக்குப் போய், அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்.